மாத்திரைக்கும் மாற்று மூட்டுக்கும் நடுவே: ஸ்டெம் செல் ஊசியைத் தேடிப் போகும் மூட்டுவலிக்காரர்கள்

2018 செப்டம்பர் 12 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ஒரு புறநோயாளர் கிளினிக்கில் ஸ்டெம் செல் ஊசி (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்கள் என்று சொல்லி ஏற்றப்படுவது) போட்டுக்கொண்டவர்களில் மூன்று பேர் அடுத்த சில நாட்களிலேயே ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். ரத்தத்திலோ மூட்டிலோ கிருமி. 17ஆம் தேதி மாநில சுகாதாரத் துறைக்குத் தகவல் போனது. விசாரிக்க விசாரிக்க, ஃப்ளோரிடாவிலும் அரிசோனாவிலும் இதே போன்ற நோயாளிகள் தெரியவந்தார்கள். டிசம்பரில் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. வெளியிட்ட கணக்கில் மொத்தம் 12 பேர்: டெக்சஸில் 7, ஃப்ளோரிடாவில் 4, அரிசோனாவில் 1. எல்லோரும் ஆஸ்பத்திரியில் இருந்து சிகிச்சை பெற வேண்டியிருந்தது. உயிரிழப்பு இல்லை.

எல்லோருக்கும் போடப்பட்டது ஒரே நிறுவனத்தின் சரக்கு. சான் டியாகோவில் தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து தயாரித்து, குப்பிகளில் உறையவைத்து, இன்னொரு நிறுவனம் வழியாகப் பல மாநிலங்களின் கிளினிக்குகளுக்கு விற்கப்பட்டது. திறக்கப்படாத குப்பிகளைச் சோதித்தபோது அவற்றுக்குள்ளேயே பாக்டீரியா இருந்தது. ஆக, ஊசி போட்ட கையின் சுத்தக்குறைவு என்று இதை முடித்துவிட முடியாது. கிருமி குப்பியோடே வந்திருக்கிறது.

இந்த நிகழ்வைக் கெட்டுப்போன மருந்தின் கதையாக மட்டும் படித்தால் பாதிதான் புரியும். அந்த ஊசியை நாடியவர்கள் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தவர்கள் இல்லை; மூட்டிலும் முதுகிலும் வலி இருந்தவர்கள். மாடி ஏறும்போது முட்டி வலிக்கிறது, தோள் தூக்க முடியவில்லை, இடுப்பு பிடிக்கிறது என்ற வகை. அப்படிப்பட்டவர்கள் அங்கீகாரம் இல்லாத ஒரு பொருளைக் கைக்காசு கொடுத்து ஏன் மூட்டுக்குள் ஏற்றிக்கொள்கிறார்கள்? அறியாமை, பேராசை என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அது சரியான விடை இல்லை. அவர்களை அங்கே அனுப்பிவைப்பது பெரும்பாலும் வழக்கமான மருத்துவம் விட்டுவைத்திருக்கும் ஓர் இடைவெளி.

காத்திருக்கச் சொல்லப்படும் வருடங்கள்

ஐம்பத்திரண்டு வயதில் முட்டிவலியோடு ஒருவர் எலும்பு டாக்டரிடம் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ்ரேயில் மூட்டு இடைவெளி குறைந்திருக்கிறது. எக்ஸ்ரேயை வைத்துத் தேய்மானத்தை 0 முதல் 4 வரை மதிப்பிடும் கெல்கிரன்-லாரன்ஸ் அளவில் 2 அல்லது 3. டாக்டர் வலி மாத்திரை எழுதுகிறார், எடையைக் குறைக்கச் சொல்கிறார், உடற்பயிற்சி செய்யச் சொல்கிறார். "மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு இன்னும் வயசாகல, அறுபதுக்கு மேல பார்க்கலாம்" என்று அனுப்பிவைக்கிறார்.

டாக்டர் சொல்வதில் தவறில்லை. பிரிட்டனில் மூட்டு மாற்று செய்துகொண்டவர்களை நீண்டகாலம் தொடர்ந்து பார்த்து 2017இல் வெளியான ஆய்வின்படி, எழுபதைத் தாண்டியவருக்கு அந்தச் செயற்கை மூட்டை மறுபடி மாற்ற வேண்டிவரும் வாய்ப்பு வாழ்நாளில் சுமார் 5 சதவீதம். ஐம்பதின் தொடக்கத்தில் உள்ள ஆண்களுக்கு அது 35 சதவீதம் வரை போகிறது. இரண்டாவது ஆபரேஷன் முதலாவதைவிடக் கடினம். அதனால் தள்ளிப்போடுகிறார்கள். மாற்று மூட்டு வைத்துக்கொண்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அதன் பிறகும் வலி தொடர்கிறது என்பதையும் நோயாளி பக்கத்து வீட்டில் கேட்டிருப்பார்.

இடைப்பட்ட அந்தப் பத்து வருடத்துக்கு என்ன வழி? ஸ்டெராய்டு ஊசி சில வாரங்கள் வலியை அடக்கும். 2017இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 140 பேருக்கு 12 வாரத்துக்கு ஒரு முறை 40 மில்லிகிராம் ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டெராய்டு அல்லது வெறும் சலைன் (உப்புநீர்) என்று இரண்டு வருடம் போட்டுப் பார்த்தார்கள். முடிவில் வலியில் இரு தரப்புக்கும் வித்தியாசமில்லை. ஸ்டெராய்டு தரப்பில் குருத்தெலும்பு கூடுதலாகக் குறைந்திருந்தது. இந்தச் செய்தி நோயாளிகளிடமும் போய்ச் சேர்ந்தது. வலி மாத்திரையைத் தொடர்ந்து போட்டால் வயிறும் சிறுநீரகமும் கெடும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

மிச்சம் இருப்பது உடற்பயிற்சியும் எடைக் குறைப்பும். இவை உண்மையிலேயே பலன் தருபவை. ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டி மேல் விழும் சுமை நாலு கிலோ அளவுக்குக் குறைகிறது. டென்மார்க்கில் மூட்டுவலிக்காரர்களுக்காக 2013இல் தொடங்கிய உடற்பயிற்சித் திட்டத்தில் வாரம் இரண்டு வீதம் ஆறு வாரம், பயிற்சியாளரின் கண்முன்னே 12 அமர்வுகள். ஆனால் பெரும்பாலான நோயாளிகளுக்குக் கிடைப்பது அந்த 12 அமர்வுகள் இல்லை. "நடங்க, வெயிட் குறைங்க" என்ற ஒரு வரியும், படம் போட்ட ஒரு தாளும்தான். வலிக்கிற காலை எவ்வளவு மடக்கலாம், பயிற்சியின்போது எந்த அளவு வலி வந்தால் நிறுத்த வேண்டும், எதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று யாரும் பக்கத்தில் நின்று சொல்வதில்லை. நோயாளி இரண்டு நாள் செய்துவிட்டு வலி கூடியதும் விட்டுவிடுகிறார். "எல்லாம் செஞ்சு பார்த்துட்டேன், ஒண்ணும் கேட்கல" என்று அவர் சொல்லும்போது அவரைப் பொறுத்தவரை அது உண்மை.

ஒரு சொல் செய்யும் வேலை

தமிழில் இந்த நோய்க்கே "தேய்மானம்" என்றுதான் பெயர். "ஜவ்வு தேஞ்சுபோச்சு, எலும்போட எலும்பு உரசுது" என்பார்கள். ஆங்கிலத்தில் பேசும் அமெரிக்க நோயாளிகளுக்கும் மனதில் ஓடுவது இதே படம்தான். தேய்ந்தது என்றால் புதிதாக முளைக்க வேண்டும். முளைக்க வைப்பது எது? "ஸ்டெம்" செல். நோயின் பெயரிலேயே மருந்துக்கு இடம் ஒதுக்கி வைத்தாயிற்று; விற்பவர் அதிகம் பேச வேண்டியதில்லை.

அந்தப் படம் தவறானது. குருத்தெலும்பில் நரம்பு கிடையாது, ரத்தக்குழாய் கிடையாது. அது தேய்வது நேரடியாக வலிக்காது. வலி வருவது மூட்டு உறையின் அழற்சியிலிருந்தும், குருத்தெலும்புக்கு அடியில் உள்ள எலும்பிலிருந்தும், சுற்றியுள்ள தசைநார்களிலிருந்தும். தசை வலுவிழந்தால் வலி கூடுகிறது. எக்ஸ்ரேயில் மோசமாகத் தெரியும் முட்டியோடு நிம்மதியாக நடப்பவர்களும், படத்தில் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் துடிப்பவர்களும் ஏராளம்.

செல்களும் அந்தப் படத்தில் வருவதுபோல் நடந்துகொள்வதில்லை. எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுக்கப்படும் இந்தச் செல்களுக்கு "மெசன்கைமல் ஸ்டெம் செல்" என்று 1991இல் பெயர் வைத்தவர் கிளீவ்லாந்தைச் சேர்ந்த உயிரியலாளர் ஆர்னால்ட் கேப்லன். அந்தப் பெயரை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று 2017இல் எழுதியவரும் அவரேதான். இவை உடலுக்குள் போய்ப் புதுத் திசுவாக மாறுவதில்லை, சுற்றியுள்ள செல்களுக்குச் சைகை தரும் பொருட்களைச் சுரக்கின்றன. "ஸ்டெம் செல்" என்ற பெயரைக் கேட்டு நோயாளிகள் ஏமாந்துபோகிறார்கள் என்பது அவர் வாதம். பெயர் வைத்தவரே திருத்தியும் விளம்பரங்களில் பழைய பெயர் அப்படியே நின்றது.

விளையாட்டு வீரர்களின் பெயர்கள் இதற்கு வலு சேர்த்தன. பேஸ்பால் பந்து வீச்சாளர் பார்டோலோ கொலோன் 2010இல் டொமினிக்கன் குடியரசில் தோளில் தன் சொந்த மஜ்ஜை, கொழுப்புச் செல்களை ஏற்றிக்கொண்டு, 2011இல் நியூயார்க் யாங்கீஸ் அணியில் மறுபடி ஆடினார். அந்தச் செய்தி நாடு முழுக்கப் போனது. 2012இல் டெஸ்டோஸ்டீரோன் என்ற தடைசெய்யப்பட்ட ஊக்கமருந்துக்கான பரிசோதனையில் சிக்கி அவருக்கு 50 ஆட்டங்கள் தடை விதிக்கப்பட்டது. ஒரே ஆளை வைத்து ஒரு சிகிச்சையின் பலனை அளக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டாம். எந்த மாற்றத்துக்கு எது காரணம் என்று பிரித்தெடுக்கவே முடியாது.

இலவச விருந்து, ஐயாயிரம் டாலர்

அமெரிக்காவில் 2016இல் எடுத்த ஒரு கணக்கின்படி, பொதுமக்களுக்கு நேரடியாக விளம்பரம் செய்து ஸ்டெம் செல் சிகிச்சை விற்ற நிறுவனங்கள் 351, கிளினிக்குகள் 570. எலும்பு, மூட்டுப் பிரச்சினைதான் மிக அதிகமாக விளம்பரப்படுத்தப்பட்டவற்றில் ஒன்று. ஆள் சேர்க்கும் முறை பல ஊர்களில் ஒன்றுபோலவே இருந்தது. செய்தித்தாளில் முழுப்பக்க விளம்பரம், ஹோட்டலில் இலவசச் சாப்பாட்டோடு ஒரு மணி நேரக் கூட்டம், கூட்டம் முடியும் முன்பே "இன்றே பதிவு செய்தால் தள்ளுபடி".

முட்டிக்கு விலை என்ன, பலன் எவ்வளவு என்று 273 அமெரிக்க மையங்களைத் தொடர்புகொண்டு கேட்டார்கள் சில ஆய்வாளர்கள். ஒரு முட்டிக்குச் சராசரி 5,156 டாலர். குறைந்தது 1,150, அதிகபட்சம் 12,000. பலன் எவ்வளவு என்று எண்ணில் சொன்னவை 36 மையங்கள் மட்டுமே. அவை சொன்ன சராசரி 82 சதவீதம்.

அரசுக் காப்பீடான மெடிகேர் இதற்குப் பணம் தருவதில்லை. காப்பீடு ஏற்காததை நோயாளி எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வார் என்று நினைக்கலாம். பல நேரம் நேர்மாறாக நடக்கிறது: "இது இவ்வளவு புதுசு, கம்பெனிகள் இன்னும் ஒத்துக்கல" என்று சொல்லப்படுகிறது, அது நம்பப்படுகிறது. ஆபரேஷனோடு ஒப்பிட்டால் ஊசி சின்ன விஷயம். தையல் இல்லை, வேலைக்கு லீவு போட வேண்டாம், ஒரே நாளில் வீட்டுக்குப் போகலாம். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தக் கிளினிக்கில் ஒருவர் உட்கார்ந்து நாற்பது நிமிடம் நோயாளியின் வலியைப் பற்றிக் கேட்கிறார். வழக்கமான புறநோயாளர் பிரிவில் அவருக்குக் கிடைத்தது ஐந்து நிமிடம்.

இருபத்தைந்து பேர், ஐம்பது முட்டிகள்

"போட்டுக்கொண்டேன், நல்லா இருக்கு" என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. இதை விளங்கிக்கொள்ள ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில்லில் உள்ள மேயோ கிளினிக்கில் நடந்த ஒரு சோதனையைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். முடிவு 2017இல் வெளியானது.

இரண்டு முட்டியிலும் தேய்மான வலி உள்ள 25 பேரை எடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை உறிஞ்சி, சுழலியில் போட்டுச் செறிவாக்கினார்கள். ஒரு முட்டியில் அந்தச் செறிவும் அவரவர் பிளாஸ்மாவும் சேர்ந்த கலவை; மறு முட்டியில் அதே அளவு சலைன். எந்த முட்டியில் எது என்று நோயாளிக்குத் தெரியாது. ஒரே உடம்பு, ஒரே எடை, ஒரே நடை, ஒரே நம்பிக்கை. வலது முட்டிக்கு இடது முட்டியே ஒப்பீடு. இதைவிட நேர்த்தியாக ஒரு கேள்வியைக் கேட்க முடியாது.

ஒரு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று அளந்தார்கள். மஜ்ஜை போட்ட முட்டியில் வலி நன்றாகவே குறைந்திருந்தது. சலைன் போட்ட முட்டியிலும் அதே அளவு குறைந்திருந்தது. பன்னிரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோதும் இரண்டுக்கும் வித்தியாசம் காணவில்லை.

வெறும் உப்புநீர் முட்டி எப்படித் தேறியது? வலி ஏறி இறங்கும் நோய் இது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஊசி தேடிப் போகிறோம். அதன் பிறகு இறங்குவது இயல்பு. இடுப்பெலும்பில் துளையிட்டு எடுக்கிறார்கள், அல்ட்ராசவுண்ட் பார்த்துச் செலுத்துகிறார்கள், பெரிய விஷயம் ஒன்று நடக்கிறது என்ற உணர்வே மூளையில் வலியை அளக்கும் விதத்தை மாற்றுகிறது. மாத்திரையைவிட ஊசிக்கு இந்த விளைவு அதிகம். கிளினிக்குகள் ஊசியோடு சேர்த்துச் சொல்லும் ஓய்வும் பிசியோதெரபியும் எடைக் குறைப்பும் வேறு.

சின்னச் சோதனைதானே என்று கேட்கலாம். 2023இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்தது பெரியது. சுமார் 475 பேர். மஜ்ஜைச் செறிவு, கொழுப்பிலிருந்து எடுத்த செல்கள், தொப்புள்கொடித் திசுச் செல்கள் என மூன்று வகையும் தனித்தனியாகச் சாதாரண ஸ்டெராய்டு ஊசியோடு மோதவிடப்பட்டன. ஒரு வருட முடிவில் வலியைக் குறைப்பதில் மூன்றில் எதுவும் ஸ்டெராய்டை முந்தவில்லை.

குப்பிக்குள் என்ன இருக்கிறது

"ஸ்டெம் செல்" என்ற ஒரே பெயரில் மூன்று வேறு வேறு பொருட்கள் விற்கப்படுகின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காததுதான் பல குழப்பங்களுக்கு வேர்.

மஜ்ஜைச் செறிவு நோயாளியின் சொந்தப் பொருள். இடுப்பெலும்பிலிருந்து சுமார் 60 மில்லி உறிஞ்சி, சுழற்றி, ஐந்தாறு மில்லியாகக் குறைக்கிறார்கள். அதில் உள்ள கருவுள்ள செல்களில் மெசன்கைமல் செல் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் லட்சத்தில் ஒன்றுக்கும் இடைப்பட்ட அளவுதான். எடுக்கும் முறையிலும் தவறு நேர்கிறது: ஒரே துளையிலிருந்து மொத்தத்தையும் இழுத்தால் முதல் சில மில்லிக்குப் பிறகு வருவது பெரும்பாலும் சாதாரண ரத்தம். ஊசியை நகர்த்தி, பல இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். அவசரமாக வேலை செய்யும் இடங்களில் அது நடப்பதில்லை.

கொழுப்பிலிருந்து எடுப்பதில், கொலாஜனேஸ் என்சைம் போட்டுத் திசுவைக் கரைத்துச் செல்களைப் பிரிக்கிறார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதை மருந்தாகவே கருதுகிறது. முறையான அனுமதி வேண்டும் என்கிறது. இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போய், 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் எஃப்.டி.ஏ. பக்கம் தீர்ப்பளித்தது.

மூன்றாவது, 2018இல் வினையாக முடிந்த வகை: யாரோ ஒரு தாயின் பிரசவத்தில் கிடைத்த தொப்புள்கொடி ரத்தம், குப்பியில் உறைந்த நிலையில். கிளினிக்குக்கு இது மிகச் சுலபம். நோயாளியிடமிருந்து எதையும் எடுக்க வேண்டாம், உறைவிப்பான் போதும். ஆபத்து அதிகமானதும் இதுவே. சுகப்பிரசவத்தில் தொப்புள்கொடி வெளியே வரும் வழியில் ஈ.கோலை, என்ட்ரோகாக்கஸ் போன்ற கிருமிகள் இயல்பாகவே இருக்கும். மற்ற பல ஊசி மருந்துகளைச் சூடாக்கியோ கதிர்வீச்சாலோ கடைசியில் கிருமி நீக்கலாம். உயிருள்ள செல் என்று சொல்லி விற்கும் பொருளை அப்படிச் செய்ய முடியாது; செல்லும் சேர்ந்து செத்துவிடும். ஆகவே கொடையாளரைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து அறைக் காற்றைச் சோதிப்பது, ஒவ்வொரு லாட்டிலும் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) மாதிரி எடுத்து 14 நாள் வளர்த்துப் பார்ப்பது வரை ஒவ்வொரு படியிலும் பிடித்தாக வேண்டும். சான் டியாகோ தயாரிப்பிடத்தை ஆய்வு செய்த எஃப்.டி.ஏ., கொடையாளர் பரிசோதனையிலும் கிருமித் தடுப்பு நடைமுறைகளிலும் குறைகள் கண்டு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

மூட்டுக்குள் கிருமி போனால் நிலைமை வேகமாக மோசமாகும். தேய்மானம் இருபது வருடத்தில் கரைக்கும் குருத்தெலும்பைச் சீழ் சில நாட்களில் கரைத்துவிடும். மூட்டைக் கழுவ ஆபரேஷன், வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக். பிறகு மாற்று மூட்டு வைக்கலாம் என்றால் கிருமி முழுக்க ஒழிந்தது உறுதியாகும் வரை அதையும் தள்ளிப்போட வேண்டும். ஆபரேஷனைத் தவிர்க்கப் போனவர் ஆபரேஷன் மேஜைக்கு வந்து சேர்கிறார்.

"ரெஜிஸ்டர்ட்", "அப்ரூவ்டு"

எஃப்.டி.ஏ.யில் ரெஜிஸ்டர் ஆன நிறுவனம் என்று விளம்பரத்தில் இருக்கும். திசுவைக் கையாளும் யாரும் தாங்களாகவே பதிந்துகொள்ளும் பட்டியல் அது. பொருள் பலன் தரும், பாதுகாப்பானது என்று யாரும் சோதித்துச் சொன்னதாக ஆகாது. அமெரிக்காவில் தொப்புள்கொடி ரத்தச் செல்களுக்கு அனுமதி இருப்பது ரத்தம் உருவாகும் அமைப்பு சார்ந்த நோய்களுக்கு, மூட்டுக்கு இல்லை. அதேபோல, அரசின் மருத்துவ ஆய்வுப் பட்டியல் தளத்தில் ஒரு ஆய்வு இடம்பெற்றிருப்பதே அங்கீகாரம் ஆகாது. ஆய்வில் சேர நோயாளியே பணம் கட்ட வேண்டும் என்றால் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும்.

சட்டம் ஒரே திசையில் போகவில்லை. எலும்பு மூட்டு, வலி, புண் ஆகியவற்றுக்கு எஃப்.டி.ஏ. அனுமதி இல்லாத ஸ்டெம் செல் சிகிச்சைகளையும் சில நிபந்தனைகளோடு மருத்துவர்கள் தரலாம் என்று ஃப்ளோரிடா சட்டம் கொண்டுவந்தது. 2025 ஜூலை 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

இந்தியாவில் நிலைமை வேறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய்கள் போன்ற அங்கீகரிக்கப்பட்ட சிலவற்றைத் தவிர ஸ்டெம் செல்லை ஆய்வுக்கு வெளியே சிகிச்சையாக விற்கக் கூடாது. அதற்குள் முறையான வழியில் வந்த ஒன்றும் உண்டு: பெங்களூரு நிறுவனம் ஒன்று கொடையாளர் மஜ்ஜையிலிருந்து வளர்த்த செல் மருந்துக்கு, 2, 3ஆம் நிலை முட்டித் தேய்மானத்துக்காக 2022இல் மருந்துக் கட்டுப்பாட்டாளர் அனுமதி கொடுத்தார். மூன்றாம் கட்ட ஆய்வில் 146 பேர். ஒரே ஊசியில் இரண்டரைக் கோடி செல்கள். ஒப்பீட்டுத் தரப்பு ஒன்று. ஒரு வருடத்தில் வலி அளவீட்டில் ஒப்பீட்டுத் தரப்பைவிட முன்னேற்றம் தெரிந்தது. 146 பேர் என்பது சிறிய எண். வேறு இடங்களிலும் இதே பலன் கிடைக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். ஆனாலும் அந்தக் குப்பியில் எத்தனை செல், எந்த லாட், யாரோடு ஒப்பிட்டார்கள் என்று கேட்டால் பதில் இருக்கிறது. கைக்கு வந்ததைக் கலந்து போடும் கிளினிக் ஊசியையும் இதையும் ஒரே பெயரில் அழைப்பது நோயாளிக்குச் செய்யும் அநியாயம்.

டாக்டர் அறையில், வீட்டில்

நோயாளி "ஸ்டெம் செல் போடலாமா டாக்டர்?" என்று கேட்டால், சிரித்துத் தள்ளினால் அவர் அடுத்த நாள் இலவசச் சாப்பாட்டுக் கூட்டத்தில் இருப்பார். அவர் கேட்பது செல்லைப் பற்றி இல்லை, அந்தப் பத்து வருடத்தை எப்படிக் கடப்பது என்று. அதற்குப் பதிலாக ஒரு தேதியும் ஒரு திட்டமும் வேண்டும்: எந்தப் பிசியோதெரபிஸ்ட், வாரத்துக்கு எத்தனை அமர்வு, மூன்று மாதத்தில் எத்தனை கிலோ, எந்த அளவு வலி வந்தால் ஆபரேஷனை மறுபடி பேசுவது.

ஊசி போட்டுக்கொள்வது என்றே முடிவு செய்தவர் பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்க வேண்டியவை உண்டு. இது யாருடைய செல், எந்தத் திசு? உறைநிலையிலிருந்து எடுத்தபின் உயிரோடு இருக்கும் செல் எத்தனை? லாட் எண், அந்த லாட்டின் கிருமிச் சோதனை அறிக்கை எங்கே? மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி எண் என்ன? ஊசி போடுபவர் எலும்பு மருத்துவரா, அல்ட்ராசவுண்ட் பார்த்துப் போடுவாரா? கிருமி தொற்றினால் எந்த ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள், செலவு யாருடையது? இவற்றில் ஒன்றுக்காவது "அதெல்லாம் கவலைப்படாதீங்க" என்று பதில் வந்தால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

ஊசிக்குப் பிறகு ஓரிரு நாள் கொஞ்சம் வீக்கமும் வலியும் வருவது சகஜம். "அது வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்று கிளினிக் சொல்லியனுப்பும். அந்த ஒரு வாக்கியத்தால்தான் தாமதம் நேர்கிறது. வலி நாளுக்கு நாள் கூடினாலோ, காலை ஊன்றவே முடியாவிட்டாலோ, முட்டி சிவந்து சூடாக இருந்தாலோ, குளிர்க் காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். முதலில் மூட்டு நீரை ஊசியால் எடுத்துக் கிருமி வளர்ப்புக்கு அனுப்ப வேண்டும், ஆன்டிபயாடிக் அதன் பிறகு. முன்பே மாத்திரை போட்டுவிட்டால் எந்தக் கிருமி என்று கண்டுபிடிப்பது கடினம். உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டும் இதற்காக ஆன்டிபயாடிக்கைத் தாமதிக்கக் கூடாது. போட்ட குப்பியின் லேபிளை ஊசி போட்ட அன்றே போனில் படம் எடுத்து வைத்திருந்தால், அந்த லாட் எண்ணை வைத்து அதே குப்பிகள் வேறு யாருக்கெல்லாம் போயிருக்கின்றன என்று சுகாதாரத் துறை தேடிப் பிடிக்க முடியும்.